முதல் கீமோவுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க!

கேன்சர்னு ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, 'உயிருக்கு ஆபத்து இல்லையே டாக்டர்?' என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் நோயாளிக்கு 22, 25 வயது என்றால் இன்னொரு கேள்வியும் இருக்கு: 'பின்னாடி எனக்குக் குழந்தை பிறக்குமா?'

சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் கருமுட்டைகளையும், விந்தணுவை உருவாக்கும் செல்களையும் சேர்த்தே பாதிக்கும். இடுப்புப் பகுதிக்குத் தரும் ரேடியேஷனும் அப்படித்தான். பாதிப்பு எவ்வளவு என்பது மருந்து, டோஸ், வயதைப் பொறுத்தது. லூபஸ் தீவிரமானாலும் இதே மருந்தைக் கொடுப்பதுண்டு. அதனால் இது கேன்சர் நோயாளிகளுக்கான விஷயம் மட்டுமில்லை.

வழி இல்லையா? இருக்கு. ஆண்கள் விந்தணுவைச் சேமிக்க ஒரு நாள்கூடப் போதும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996-ல் கீமோவுக்கு முன் அப்படிச் சேமித்து வைத்து, 1999-ல் அப்பா ஆனார். பெண்கள் கருமுட்டையைச் சேமிக்க சுமார் இரண்டு வாரம் ஆகும். இப்போதெல்லாம் பீரியட்ஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த நாளிலும் ஊசியை ஆரம்பிக்கலாம். வயசுக்கு வராத சிறுமிகளுக்கு சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கும் முறை இருக்கிறது. உண்மையையும் சொல்லிடணும்: சேமித்தால் குழந்தை நிச்சயம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. சில ரத்தப் புற்றுநோய்களில் இரண்டு வாரம் காத்திருக்கவும் முடியாது.

பிரச்னை தொழில்நுட்பத்தில் இல்லை, பேச்சில்தான். 'கல்யாணமே ஆகலை, இப்போ எதுக்கு இது?' என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். அப்பா, அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்க உங்களுக்கும் கூச்சமா இருக்கும். அதற்குள் முதல் டோஸ் ஏறிவிடும்.

அடுத்தது, பணம். இங்கே பெரும்பாலான ஹெல்த் பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சைக்கு கவரேஜ் இல்லை. இந்தச் செலவும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகிறது. ஆனால் இது சிகிச்சையின் பக்கவிளைவிலிருந்து காத்துக்கொள்ளும் செலவு. ஜெர்மனியில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு 2021 ஜூலை முதல் பொது மருத்துவக் காப்பீடே இந்தச் செலவை ஏற்கிறது. இங்கேயும் இதை கேன்சர் சிகிச்சையின் ஒரு பகுதியாகப் பார்ப்பதுதான் நியாயம்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கீமோ தேதி குறிக்கும்போதே, 'இந்த மருந்து கருத்தரிப்பைப் பாதிக்குமா? சேமிக்க எனக்கு டைம் இருக்கா?' என்று கேட்டுவிடுங்கள். டாக்டரே சொல்லட்டும் என்று காத்திருக்காதீங்க. குழந்தை வேணுமா, வேண்டாமா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு பண்ணிக்கலாம்.