கறுப்புக்கு க்ரீம்... அரிப்புக்கு அலட்சியம்!

கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் தோலில் ஊர் தேடுவது ஒன்று, மருத்துவர் தேடுவது வேறு. ஊருக்கு ஒரே கவலைதான். முகம் கறுத்துவிட்டதா? கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டதா? பிறக்கப் போகும் பிள்ளை என்ன நிறம்? மருத்துவர் கேட்கும் கேள்வியோ யார் காதிலும் விழுவதில்லை. "உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குதாம்மா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

முதல் கவலையால் யாருக்கும் உயிர் போகாது. இரண்டாவது கேள்விக்குப் பின்னால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் உயிரே இருக்கலாம். ஆனால் பாருங்கள், பணமும் நேரமும் அக்கறையும் மொத்தமாகக் கொட்டப்படுவது முதல் கவலையின் மேல்தான்!

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கும் கோட்டுச்சேரியை எடுத்துக் கொள்ளலாம். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கடல். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும், மீன் கூடையோடு வெயிலில் அலையும் பெண்ணுக்கும் முகம் கறுக்காமல் என்ன செய்யும்? அதில் கர்ப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உடனே கிளம்பிவிடுவார்கள் ஆலோசகர்கள். அத்தை குங்குமப்பூ வாங்கச் சொல்வார். நாத்தனார் மெடிக்கல் ஷாப் ட்யூப் பெயரைச் சொல்வார். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா பெட்டியிலிருந்து ஒரு டப்பா எடுத்துக் கொடுப்பார். காரைக்கால் பக்கத்தில் துபாய், சிங்கப்பூர், பிரான்ஸ் என்று யாராவது போய் வராத தெரு குறைவு. டப்பாவுக்குப் பஞ்சமே இல்லை.

பிரெஞ்சுக்காரன் 1954லேயே போய்விட்டான். வெள்ளைத் தோல் மயக்கம் மட்டும் கொம்யூன் எல்லையைத் தாண்டிப் போக மறுக்கிறது. (அவன் வருவதற்கு முன்பே அது இங்கே இருந்தது என்பதும் உண்மைதான்!)

குங்குமப்பூ வியாபாரம்

ஒரு பிள்ளையின் நிறத்தை முடிவு செய்வது அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுக்கள். எஸ்.எல்.சி.24.ஏ.5 என்று ஒரு மரபணு இருக்கிறது. தெற்காசிய மக்களிடையே ஒருவருக்கொருவர் நிறம் மாறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அந்த மரபணுவுக்குப் பாலில் கரைத்த குங்குமப்பூவின் ருசி தெரியாது.

"எங்க வீட்டுல குடிச்சாங்க, பிள்ளை சிவப்பாத்தானே பிறந்துச்சு?" என்று ஒரு வாதம் வரும். பிறந்த குழந்தைகள் பொதுவாகவே கொஞ்சம் வெளிர்ந்துதான் இருக்கும். தோலில் நிறமி கூடி உண்மையான நிறம் வர வாரங்கள், மாதங்கள் ஆகும். குடித்தாலும் அப்படித்தான், குடிக்காவிட்டாலும் அப்படித்தான். பிள்ளை பிறந்த அன்று குங்குமப்பூவுக்குப் பாராட்டு விழா நடக்கும். நான்கு மாதம் கழித்து நிறம் மாறினால் பழி வெயிலின் மேல், குளிப்பாட்டும் எண்ணெயின் மேல், கடைசியில் தாயின் மேல்!

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது அற்புதமான சரக்கு. பயன் தெரிய ஒன்பது மாதம் ஆகும். பயன் இல்லை என்று யாரும் பில்லைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. குங்குமப்பூவைச் சமையல் அளவில் ஓரிரு இழை பாலில் போட்டுக் குடிப்பதால் கெடுதல் ஒன்றும் வந்துவிடப் போவதில்லை. கெடுதல் அந்தப் பாலோடு சேர்த்து ஊட்டப்படும் பயத்தில் இருக்கிறது. "பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் அது உன் குற்றம்" என்ற பயம். அந்தப் பயம்தான் அடுத்த கடைக்கு, அடுத்த ட்யூபுக்கு அவளைத் தள்ளுகிறது.

மங்கு ஒரு நோயல்ல

கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் கூடும்போது தோலில் நிறமி கூடுகிறது. கன்னத்தில், நெற்றியில், மேலுதட்டில் விழும் மங்கு அதனால்தான். தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு தெரிவதும், கழுத்தும் அக்குளும் கறுப்பதும் அதனால்தான். வெயில் பட்டால் மங்கு இன்னும் அடர்த்தியாகும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குச் சில மாதங்களில் மங்கிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். அதற்கான சிகிச்சையைப் பிரசவமும் பாலூட்டலும் முடிந்து ஆற அமரப் பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால் இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. வளைகாப்பு போட்டோவுக்குள் முகம் வெளுத்தாக வேண்டும்!

1975ல் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று விளம்பரங்கள் பல வருடம் பாடம் நடத்தின. கறுப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர அமைப்பு விதி போட 2014 ஆனது. பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் போக 2020 ஆனது. சொல் போய்விட்டது. பாடம் மனப்பாடம் ஆகிவிட்டதே, அதை யார் அழிப்பது?

டப்பாவுக்குள் என்ன?

கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், ஒரே வகையான சிறுநீரக நோயோடு ஆட்கள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை அப்படி வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயிலேயே அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள்! க்ரீமில் இருந்தது பாதரசம். இந்த விவரம் சிறுநீரக மருத்துவத்தின் பெரிய சர்வதேச இதழ் ஒன்றில் வெளியானது. கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனையே நடத்த வேண்டியதாயிற்று.

பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். அதனால் முகம் 'பளிச்' ஆவது நிஜம். அதே பாதரசம் தோல் வழியே ரத்தத்துக்குப் போகும், சிறுநீரகத்தில் சேரும், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்கும் போகும், தாய்ப்பாலிலும் வரும். பூசியவரின் துண்டு, தலையணை வழியாக வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளுக்கும் போகலாம்.

கர்ப்பிணிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதரசத்தால் சிறுநீரகம் கெட்டால் கால் வீங்கும், சிறுநீரில் புரதம் போகும். கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு நோயிலும் இதே அறிகுறிகள்தான்! மருத்துவர் முதலில் அந்த நோயைத்தான் நினைப்பார். க்ரீமைப் பற்றி அவராகக் கேட்காவிட்டால், இவளாகவும் சொல்ல மாட்டாள். க்ரீமை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா என்ன?

பாதரச மாசுக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018ல் முறைப்படி இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025க்குப் பிறகு கூடாது என்று அதன் உறுப்பு நாடுகள் 2023ல் ஜெனீவாவில் முடிவெடுத்தன. ஆனால் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வரும் டப்பாவுக்கு ஜெனீவா தெரியுமா?

மெடிக்கல் ஷாப் ட்யூப்

"அது சரி, நாங்க மெடிக்கல்லதான் வாங்குறோம்" என்பவர்களுக்கு அடுத்த செய்தி. வெளுப்பதற்காக விற்கப்படும் பிரபலமான ட்யூப்களில் பல, மூன்று மருந்துகளின் கலவை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அதோடு ஒரு ஸ்டீராய்டு.

ஹைட்ரோகுவினோன் பூசினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகிறது. குழந்தைக்குக் கேடு செய்தது என்று நிரூபணம் இல்லை. ஆனால் இவ்வளவு உள்ளே போகும் மருந்தை அழகுக்காகக் கர்ப்பத்தில் ஏன் பூச வேண்டும் என்று மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பம். அந்தக் குடும்பத்து மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின், பருவுக்குக் கொடுக்கப்படுவது, கருவில் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். அதை நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் கருத்தரிக்கலாம். அதனால் அதே குடும்பத்து க்ரீம்களையும், இப்போது காலேஜ் பெண்களிடம் பிரபலமாக இருக்கும் ரெட்டினால் சீரத்தையும் கர்ப்பத்தில் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். வீரியமான ஸ்டீராய்டை அதிக அளவில் பூசினால் குழந்தையின் எடை குறையலாம் என்ற சந்தேகம் உண்டு. தாயின் முகத் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, நிறுத்தினால் முன்னை விட மோசமாவது தனிக்கதை.

14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ல் ஆணை போட்டது. ஆனால் கடையில் "அந்த ட்யூப் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் சீட்டு எங்கே என்று எத்தனை அண்ணன்கள் கேட்கிறார்கள்?

யாரும் கேட்காத அரிப்பு

இப்போது அந்த இன்னொரு கேள்வி. கர்ப்பத்தில் வயிறு விரியும்போது லேசாக அரிப்பது சகஜம். தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். ஆனால் கடைசி மூன்று மாதங்களில் தடிப்போ கொப்புளமோ இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் அது வேறு. கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக இறங்காமல் பித்த அமிலங்கள் ரத்தத்தில் தேங்கும் நோயாக அது இருக்கலாம்.

இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களுக்கு இது மற்றவர்களை விடக் கூடுதலாக வருகிறது என்று பிரிட்டனில் கண்டிருக்கிறார்கள். 2019ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வில், பித்த அமிலம் 40க்குள் இருந்த தாய்களிடம் குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். 100ஐத் தாண்டியவர்களிடம் நூற்றுக்கு மூன்றுக்கும் மேல்! கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அளவு அதிகம் என்றால் பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக் குழந்தையைக் காப்பாற்றலாம்.

ஆனால் அவள் அரிக்கிறது என்று சொன்னால் வீட்டில் என்ன பதில்? "பிள்ளைக்கு முடி வளருது, அதான்." "சூடு, மோர் குடி." "சொறியாதே, கோடு விழும்!" பிள்ளையின் உயிரை விட வயிற்றுக் கோடு பெரிதாகப் போய்விட்டது. இத்தனைக்கும் அந்தக் கோட்டை எந்தக் க்ரீமும் தடுத்துவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரமே கிடையாது.

செலவில்லாத அழகுக் குறிப்பு

முகத்துக்கு: மிதமான சோப்பு, தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். வெயிலுக்குக் குடை, வயலிலும் கரையிலும் தலையையும் முகத்தையும் மூடும் துண்டு. காசு இருந்தால் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப் 30 அல்லது மேலே. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகும். பரு தொல்லை என்றால் கர்ப்பத்திலும் பயன்படுத்தக் கூடிய அசெலாயிக் அமிலம் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதித் தருவார்.

டப்பாவுக்கு: தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியல், உள்நாட்டுப் பொருளானால் உரிம எண், வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் குப்பையில் போடலாம். பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்று இருந்தாலோ, "தங்க, வெள்ளி நகையில் படக்கூடாது" என்று எச்சரிக்கை இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். நகைக்கு ஆகாதது கர்ப்பிணியின் கன்னத்துக்கு ஆகுமா?

மருத்துவமனைக்கு: 2016லிருந்து நடக்கும் மத்திய அரசுத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. போகும்போது வீட்டில் இருக்கும் ட்யூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்க் காட்டலாம். கையும் காலும் அரித்தால் 9ஆம் தேதி வரை காத்திருக்கவே கூடாது. அன்றே போக வேண்டும்.

"ஒரு பொண்ணு அழகா இருக்க ஆசைப்படுறது குத்தமா?" என்று கேட்பார்கள். ஆசை குற்றமே இல்லை. ஆனால் வாந்தியும் கால் வீக்கமுமாக இருக்கும் ஒருத்தி, தானாகவே வெளுக்க ஆசைப்பட்டாளா? பார்க்க வந்தவர்கள் எல்லாம் "என்னடி இப்படிக் கறுத்துட்டே" என்று ஆரம்பித்ததால் ஆசைப்பட்டாளா? அந்த ஒரு வாக்கியத்தை ஊர் நிறுத்தினால் பாதி டப்பாக்கள் விற்காமலே கிடக்கும்.

அதற்குப் பதிலாக, அடுத்த முறை கர்ப்பிணியைப் பார்க்கப் போகிறவர்கள் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். "ராத்திரி நல்லா தூங்குறியாம்மா? கை, கால் எங்கேயாவது அரிக்குதா?"