மருந்து விட்டால் இறங்குகிறது, மறுநாள் ஏறுகிறது!

கேள்வி: “வீட்டில் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல் மீன் வளர்க்கிறோம். நன்றாக வந்தால் கொல்லையில் தொட்டி கட்டி விற்பனைக்கு வளர்க்கலாம் என்று இருக்கிறோம். போர் தண்ணீரைப் பிடித்தவுடன் அளந்தால் பி.ஹெச். 7.4 காட்டுகிறது. தொட்டியில் இரண்டு நாள் இருந்தால் 8.4 ஆகிவிடுகிறது. கடையில் கொடுத்த மருந்தை விட்டால் 7-க்கு இறங்குகிறது, மறுநாள் பழையபடி ஏறிவிடுகிறது. ஒரே மாதத்தில் 12 குஞ்சுகளில் 7 செத்துவிட்டன. மருந்தைக் கூட்டி விடலாமா?”
– வாசகி, வேடசந்தூர் வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: கூட்டக் கூடாது. மருந்தை இன்றோடு நிறுத்திவிடுவதே மிச்சமிருக்கும் 5 மீன்களுக்கும் நல்லது.

ஏறுவது ஏன்?

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். அது தண்ணீருக்குச் சிறிது புளிப்புத் தன்மையைக் கொடுப்பதால், பிடித்தவுடன் அளந்தால் பி.ஹெச். குறைவாகக் காட்டும். தொட்டியில் காற்றுக் குமிழி ஓடும்போது, திறந்து வைத்த சோடாவில் காஸ் போவதுபோல அந்த வாயு வெளியேறிவிடும். அப்போது தெரிவதுதான் தண்ணீரின் உண்மையான நிலை. இந்த வாசகியின் தண்ணீருக்கு அது 8.4. எனவே போர் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, 24 மணி நேரம் காற்று விட்டு, அதன் பிறகே அளக்க வேண்டும்.

மருந்து ஏன் நிற்கவில்லை? கடின நீரில் பைகார்பனேட் உப்பு அதிகம். விடுகிற அமிலத்தை அந்த உப்பு பிடித்துக்கொண்டு கரியமில வாயுவாக மாற்றுகிறது. அதனால் பி.ஹெச். இறங்குகிறது. வாயு வெளியேறியதும் மீண்டும் ஏறுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் புளித்த மோரை ஊற்றி மண்ணைத் திருத்தப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு நாள் அந்த உப்பு முழுவதும் தீர்ந்துவிடும். அன்று இரவே பி.ஹெச். 5-க்கும் கீழே சரியலாம். காலையில் ஒரு மீனும் மிஞ்சாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் இதற்கு மாற்று அல்ல. அவற்றைத் தின்று கிருமிகள் பெருகி, தண்ணீர் கலங்கி, பிராண வாயு குறையும்.

மீன்கள் செத்தது எதனால்?

பி.ஹெச். கணக்கில் ஒரு எண் மாறினால் அமிலத்தன்மை 10 மடங்கு மாறுகிறது என்று பொருள். 8.4-லிருந்து 7-க்கு வருவது சுமார் 25 மடங்கு மாற்றம். நிலையாக 8 இருந்தால் பண்ணையில் பிறந்த ஏஞ்சல் மீன் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். இன்று 7, நாளை 8.4 என்று ஆட்டி வைத்தால் தாங்காது. ஒரு நாளில் 0.3-க்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த காரணம் அம்மோனியா. மீன் கழிவிலும் தின்னாமல் கிடக்கும் தீனியிலும் இது உண்டாகிறது. பி.ஹெச். ஏறினால் இதன் நஞ்சும் ஏறும். 25 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7-ல் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 100-ல் 1 பங்குக்கும் குறைவு. 8-ல் சுமார் 5 பங்கு. 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மேலும், 100 லிட்டர் தொட்டியில் வளர்ந்த ஏஞ்சல் 4 இருந்தாலே போதும். 12 குஞ்சுகள் வளர வளர நெருக்கடிதான்.

இப்போது செய்ய வேண்டியவை

* இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடவும். அடியில் தேங்கிய கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கவும்.

* தொட்டிக் கல்லில் ஒன்றை எடுத்து வினிகர் விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். அதையும் பவளத் துண்டு, கிளிஞ்சல் போன்றவற்றையும் நீக்கிவிட்டு, கழுவிய ஆற்றுக் கூழாங்கல் போடவும்.

* பி.ஹெச்.-ஐக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் மழைநீர் கலப்பதே நிலைத்த வழி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 0.3 மட்டுமே குறையும். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் என்றால் 8.4 என்பது 7.8 அளவுக்கு வரும். முதல் மழை கூரையைக் கழுவிவிட்டுப் போன பிறகு பிடித்த நீராக இருக்க வேண்டும். மழைநீர் இல்லாதவர்கள் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம். இரண்டில் எதையும் தனியாக ஊற்றக் கூடாது. தாங்கிப் பிடிக்கும் உப்பு இல்லாததால் பி.ஹெச். நிலைக்காது.

* கலந்த நீரை ஒரு டிரம்மில் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 லிட்டர் மட்டும் மாற்றவும். பிறகு எப்போது தண்ணீர் மாற்றினாலும் அதே கலவையைத்தான் ஊற்ற வேண்டும்.

* நாட்டு வாதுமையின் உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவி, 50 லிட்டருக்கு ஒன்று போடலாம். கலந்த நீரில் இது பி.ஹெச்.-ஐ இன்னும் சற்றுக் குறைக்கும். வெறும் போர் தண்ணீரில் பலன் தெரியாது.

விற்பனைக்கு வளர்ப்பதானால், தண்ணீரை மீனுக்காக மாற்றுவதைவிடத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே லாபம். களர் நிலத்தில் அதைத் தாங்கும் ரகத்தைத்தானே விதைக்கிறோம்? மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை கடின நீரில் நன்றாக வரும். குட்டி போடும் இனங்கள் என்பதால் பெருக்குவதும் எளிது. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீர் மீன்கள். இந்தத் தண்ணீரில் அவற்றுக்குப் பணம் போட வேண்டாம்.

கேள்வி: “மீன் வளர்க்கப் புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் பி.ஹெச். 10 காட்டுகிறது. எப்போது மீன் விடலாம்?”
– வாசகர், பவானி, ஈரோடு மாவட்டம்.

பதில்: புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிவதால் இப்படிக் காட்டுகிறது. தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற விடவும். பிறகு வடித்து, தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்பவும். இப்படி மூன்று முறை செய்யவும். கடைசியாகத் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, அதே தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டிலும் பிடித்து வைத்து, மறுநாள் இரண்டையும் அளக்கவும். இரண்டும் ஒன்றாகக் காட்டினால் தொட்டி தயார். தொட்டியில் கூடுதலாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் ஊற வேண்டும். முதலில் நான்கைந்து மோலி மட்டும் விட்டு, ஒரு வாரம் பார்த்த பிறகு மற்ற மீன்களை விடலாம்.

கேள்வி: “கொடைக்கானலில் இருக்கிறோம். பல மாதமாகத் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.ஹெச். 5.5. ஆப்ப சோடா போடலாமா?”
– வாசகி, கொடைக்கானல்.

பதில்: உடனே போடக் கூடாது. பழைய தொட்டியில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பி.ஹெச். குறைவாக இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். சட்டென்று ஏற்றினால் நஞ்சாகிவிடும். முதலில் ஒரு வாரம் தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றவும். அதன் பிறகு, 50 லிட்டருக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவைத் தனியாகக் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றவும். மறுநாள் அளந்து பார்த்தே அடுத்த கால் டீஸ்பூன். கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி வடிகட்டியில் வைத்தால் பி.ஹெச். மெதுவாக உயர்ந்து, பிறகு கீழே இறங்காமல் நிற்கும்.