கீழே சிக்கினால் மேலே பாருங்கள்



ஞாயிறன்று மகளுக்குப் புதுநன்மை. சனி இரவு பத்து மணிக்கு அவளது வெண்ணிற உடையின் ஓரத்தைத் தைக்கிறோம். துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நிற்கிறது. அத்தகைய இரவொன்றில் நாம் பாபின் கேஸின் சிறு திருகை அப்படியும் இப்படியும் முறுக்கி, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிட்டோம். மும்முறை பிரித்துத் தைத்த அத்துணியில் ஊசித்துளைகள் மறையவே இல்லை. மறுநாள் பூசையில் நம் கண்கள் பீடத்தை விட்டு அந்த ஓரத்திலேயே நின்றன.

குற்றம் பாபினில் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மேல்நூலுக்குப் போதிய இறுக்கம் இல்லையெனில் அது கீழே இழுபட்டு, அடியில் வளையமாகத் தொங்கும். ஆகவே முதலில் மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்து, மீண்டும் கோக்க வேண்டும். பாதம் தாழ்ந்திருந்தால் இறுக்கத் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நூல் அவற்றினிடையே சரிவர இறங்காது. தட்டுகளுக்குள் அகப்பட்ட நூல்துண்டும் இதே தொல்லையைத் தரும். மாறாக, அடிநூல் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தென்பட்டால் மேல்நூலைச் சற்றுத் தளர்த்துக. பாபின் கேஸின் உள்ளே சேரும் பஞ்சைத் தூரிகையால் நீக்கிப் பார்த்தபின், வேறு வழியே இல்லையெனில் மட்டும் அதன் திருகைத் தொடலாம். அதுவும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுக. ஊசி முறியும்வரை அதையே ஓட்டுவது நம் இல்லங்களில் ஒரு சிக்கனம். துணியின் விலையை எண்ணினால் அது சிக்கனமே அன்று. மெல்லிய வாயிலுக்கு 11, பாப்ளினுக்கு 14, முரட்டுத் துணிக்கு 16 அல்லது 18 எண் ஊசி பொருந்தும். ஊசியில் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூல் காதினுள் நுழைய வேண்டும். புத்தம்புது ஊசியும் திருப்பிப் பொருத்தப்பட்டால் தைக்காது.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய். அவசரத்திற்கு அதை விடுவோர் பலர். நாளடைவில் அது பிசினாகி இயந்திரத்தையே இறுக்கிவிடும். இயந்திர எண்ணெயே விடுக. ஒரிரு சொட்டுப் போதும். விட்டபின் பழந்துணியில் சிறிது தைத்து, எண்ணெய்க் கறை நின்ற பிறகே வெள்ளைத் துணியை வையுங்கள்.