ஊதியவன் மூச்சு யாருக்குச் சொந்தம்?

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு அச்சு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கைதேர்ந்த ஒருவர் முதலில் மாதிரிப் பொம்மையைச் செய்கிறார். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில் களிமண் குழம்பை ஊற்றினால் அதே மூக்கு, அதே முழி, அதே சிரிப்பு என்று பொம்மைகள் வந்துகொண்டே இருக்கும். மாதிரி செய்தவருக்கு ஒரே ஒரு முறை கூலி. அச்சு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு ஒவ்வொரு பொம்மைக்கும் காசு. ஆனாலும் பிளாஸ்டர் அச்சுக்கு ஆயுள் உண்டு. ஊற்றி ஊற்றி அது தேய்ந்து மழுங்கும். மறுபடியும் மாதிரியைத் தேடித்தான் போக வேண்டும்.

இப்போது தேயாத அச்சு ஒன்று உலகத்தில் நடமாடுகிறது. அது சங்கீத ஒலிக்கு எடுக்கும் அச்சு.

சினிமாவில் கதாநாயகன் வரும்போது தியேட்டர் அதிர ஒரு முழக்கம் எழுகிறதே, அது ட்ரம்பெட், ட்ராம்போன், ஹார்ன், ட்யூபா என்னும் பித்தளை வாத்தியங்களின் முழக்கம். நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரர் கன்னம் புடைக்க ஊதுகிறாரே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவையெல்லாம். இன்று பல படங்களில் அந்த முழக்கத்துக்கு ஊதுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து கீபோர்டின் கட்டைகளை அழுத்துகிறார். இருபது பேர் எழுந்து நின்று ஊதுவது போல் நமக்குக் கேட்கிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ட்ரம்பெட் வித்வானை உட்கார வைத்து ஒரு ஸ்வரத்தை மெதுவாக ஊதச் சொல்கிறார்கள். பிறகு நடுத்தரமாக; பிறகு பலமாக. நீட்டி ஊதச் சொல்கிறார்கள், வெட்டி ஊதச் சொல்கிறார்கள். ஒரு ஸ்வரத்தையே பல தடவை ஊதச் சொல்கிறார்கள். ஏனென்றால் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால் கேட்கிற காது களவைக் கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் ஒரு மைக், தூரத்தில் ஒரு மைக், உயரத்தில் ஒரு மைக். இப்படிச் சேர்த்த ஆயிரமாயிரம் ஒலித் துண்டுகளைக் கீபோர்டின் கட்டைகளோடு இணைத்து விற்கிறார்கள். இந்தத் துண்டுக்குத்தான் சாம்பிள் என்று பெயர்.

இது நேற்று முளைத்ததல்ல. 1963ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெல்லோட்ரான் என்ற யந்திரம் வந்தது; அதில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடா. 1979ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஃபேர்லைட் என்ற கம்ப்யூட்டர் யந்திரம் வந்தது. 2000ல் வியன்னா நகரத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்வதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கியது. 2019ல் லண்டனின் ஸ்பிட்ஃபயர் கம்பெனி, பி.பி.சி. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையே பதிவு செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் சென்னையில் என்ன நடந்தது? ஒரு காலத்தில் ஒரு பாட்டுக்கு ஐம்பது அறுபது பேர் ஏ.வி.எம்., பிரசாத், வாஹினி கூடங்களில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். இத்தனை பேருக்கும் கால்ஷீட் கணக்கில் கூலி. இவர்களும் தொழிலாளிகள்தான், இவர்களுக்கும் சங்கம் வேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவர் எம்.பி. சீனிவாசன். 1960ல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். நமது இயக்கத்தின் பிள்ளை. மெட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், வயலின்காரருக்கும் ட்ரம்பெட்காரருக்கும் நியாயமான கூலி கேட்ட இசையமைப்பாளர் அவர். 1988ல் மறைந்தார். அவர் மறைவதற்கு முன்பே, 1986ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் வழியாக இசை கோக்கும் முறை வந்துவிட்டது. 1992ல் ‘ரோஜா’ வந்த பிறகு, சொந்தக் கூடத்தில் கீபோர்டை வைத்துப் பாட்டைக் கட்டும் முறை தமிழ்ப்பட உலகம் முழுவதும் பரவியது. கால்ஷீட் குறைந்தது. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் பலர்.

“இது சினிமாக்காரர் கதை, மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்கள் தங்கள் வயலையே பார்க்கட்டும். அறுவடை யந்திரம் வயலில் இறங்கிய அன்று எத்தனை அரிவாள் கூரையில் செருகப்பட்டது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல், மற்ற மாதங்களில் பேண்டு ஊதியும், ஊதாத நாளில் கூலி வேலைக்குப் போயும் பிழைக்கிற மனிதர் நம் சேரிகளிலும் தெருக்களிலும் இருக்கிறார். அறுப்பும் யந்திரத்துக்குப் போய், ஊர்வலமும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போனால் இந்த மனிதர் எங்கே போவார்?

அப்படியானால் யந்திரத்தை உடைத்துவிடலாமா? கூடாது. 1982ல் லண்டனில் வாத்தியக்காரர் சங்கத்தின் ஒரு கிளை, செயற்கை ஒலி யந்திரங்களையே தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பலித்ததா? இல்லை. யந்திரம் வேறு, அதை லாபத்துக்குப் பயன்படுத்தும் முதலாளி வேறு என்று தொழிலாளி வர்க்கம் பிரித்தறியக் கொஞ்ச காலம் பிடித்தது என்பதை மார்க்ஸ் அன்றே விளக்கினார். இந்த சாம்பிள் வித்தையால் நன்மையும் உண்டு. ஆர்கெஸ்ட்ராவுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளை, விருத்தாசலத்தில் ஒரு ஓட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டே, தன் மனத்தில் எழுந்த பெரும் இசையைக் காதால் கேட்டுப் பார்க்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்காத வசதி இது. இதை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்?

நம் கேள்வி வேறு. அந்தப் பெட்டிக்குள் இருப்பது யாருடைய உழைப்பு? பத்து வயதில் வாத்தியத்தைத் தொட்டு, உதடு வெடிக்கச் சாதகம் செய்து, இருபது ஆண்டுகளில் சேர்த்த ஒருவனுடைய மூச்சு அது. அந்த மூச்சு ஒரு தடவை விலைக்கு வாங்கப்பட்டு, அவன் இறந்த பிறகும் ஊதிக்கொண்டிருக்கும். அதோடு நின்றதா? அவனுடைய மூச்சே அவனுக்குப் போட்டியாக வந்து, அடுத்த கால்ஷீட்டிலிருந்து அவனை வெளியே தள்ளும். தொழிலாளி செய்த பொருளே தொழிலாளிக்கு எதிரே வந்து நிற்கும் கொடுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இதற்கு வழி உண்டு. அமெரிக்க வாத்தியத் தொழிலாளிகள் காட்டியிருக்கிறார்கள். 1927ல் பேசும்படம் வந்ததும், தியேட்டரில் திரைக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை இழந்தார்கள். அடுத்து இசைத்தட்டும் ரேடியோவும் மிச்சமிருந்த வேலையைத் தின்றன. அவர்களுடைய சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், 1942 ஆகஸ்டு 1 முதல் எந்த இசைத்தட்டுக் கம்பெனிக்கும் வாசிப்பதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தது. யுத்த காலம், பத்திரிகைகள் தூற்றின, சர்க்கார் மிரட்டியது. சங்கம் அசையவில்லை. 1943ல் டெக்கா கம்பெனி பணிந்தது. 1944 நவம்பரில் ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் பணிந்தன. விற்கிற ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் சங்கத்தின் நிதிக்கு ஒரு தொகை என்று ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பணத்தில் வேலையற்ற வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள். 1947ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்து நிதியைச் சங்கத்தின் கையிலிருந்து பிடுங்கியது. மறுபடி 1948ல் வேலைநிறுத்தம். பொது அறங்காவலரின் கீழ் நிதி பிழைத்தது. யந்திரத்தை அவர்கள் உடைக்கவில்லை. யந்திரத்தின் வருமானத்தில் பங்கு கேட்டார்கள்.

பங்கு கொடுத்தால் கம்பெனி முழுகிப் போகும் என்பார்கள். பொய். முன்னே சொன்ன ஸ்பிட்ஃபயர், வாசித்தவர்களுக்கு விற்பனையில் ராயல்டி கொடுத்தே வளர்ந்தது. ஆனால் 2025ல் அந்தக் கம்பெனியை ஸ்ப்ளைஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. முதலாளி மாறினால் முதலாளியின் மனமும் மாறலாம். ஆகவே நமக்கு வேண்டியது நல்ல மனம் அல்ல, நல்ல ஒப்பந்தம்.

நம் நாட்டிலும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2012ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், வாத்தியம் வாசிப்பவரையும் கலைஞர் என்று கணக்கில் சேர்த்து, அவருடைய வாசிப்பு வியாபாரத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி பெறும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் வெறும் காகிதம் என்பதைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைக் கண்ட எந்த விவசாயத் தொழிலாளியும் சொல்வார்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. கால்ஷீட் கூலிக்கு வாசிக்க வந்தவரிடம் சாம்பிள் எடுக்கக் கூடாது. அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஊதியவருக்குப் பங்கு வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் அந்த ஒலியைச் செயற்கை அறிவு யந்திரத்துக்குத் தீனியாகப் போடக் கூடாது. பெரிய படக் கம்பெனிகள் வேலையற்ற வாத்தியக்காரர்களுக்கான நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். சினிமா வாத்தியக்காரரும் பேண்டு செட்டுக்காரரும் ஒரே கூரையின் கீழ் சங்கமாகச் சேர வேண்டும். இந்தக் கோரிக்கைகளுக்கு மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தோள் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த முறை தியேட்டரில் அந்தப் பித்தளை முழக்கம் கேட்கும்போது ஒரு கணம் யோசியுங்கள். எங்கோ ஒரு மனிதன் மூச்சைப் பிடித்து ஊதியதால்தான் அது முழங்குகிறது. அச்சில் வார்த்த பொம்மைக்குப் பின்னால் ஒரு கை இருப்பது பீங்கான் தொழிலாளிக்குத் தெரியும். அச்சில் வார்த்த ஒலிக்குப் பின்னாலும் ஒரு நெஞ்சு இருக்கிறது. அந்த நெஞ்சுக்குச் சேர வேண்டியது சேரும் வரை இந்த வழக்கு நம் வழக்கு.