கிளட்ச் மாற்றிய பிறகு ஒரு "டக் டக்"!

கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான கதை இது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார்கள். பில்லைக் கட்டி எடுத்து வந்தால், தெருமுனையில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இதுவரை கேட்காத ஒரு "டக் டக்"! திரும்பப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கிளட்ச் மட்டும்தான் சார் மாத்தினோம். சத்தம் வீல் பக்கம் வருது. அது பழைய கம்ப்ளைன்ட்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்சக்கரங்கள் இழுத்து ஓடும் கார்களில் இந்த வாதம் எடுபடாது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தொடங்கி இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கிளட்ச்சைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட்டையும் உருவ வேண்டும். அதற்கு கியர் ஆயிலை வடித்து, சக்கரங்களைக் கழற்றி, கீழே உள்ள பால் ஜாயின்ட்டையும் விடுவிக்க வேண்டும். ஆக, பில்லில் ஒரு வரியாக இருக்கும் "கிளட்ச் வேலை" சக்கரம் வரை போய்த்தான் திரும்புகிறது!

எனவே சத்தம் வந்தால், புதிய பாகம் வாங்குவதற்கு முன் கழற்றி மாட்டிய இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர் ஆயில் அளவு சரியா, பால் ஜாயின்ட் போல்ட் இறுகியிருக்கிறதா, இன்ஜின் மவுண்ட் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு வளைந்து உரசுகிறதா... இதற்கெல்லாம் அதிகச் செலவில்லை. வீல் நட் தளர்ந்திருந்தால் மட்டும் அது சத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

அடுத்து, சத்தம் எங்கே வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று கேட்பதே பயன் தரும். (இரும்பு வழியாகச் சத்தம் ஓடும், காது ஏமாறும்.) முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். வேகத்தோடு ஏறும் "ஊ..." என்ற முனகல், வண்டி வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது வீல் பேரிங். நின்றபடி நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்ததும் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸுக்குள் உள்ள பேரிங். கிளட்ச் மாற்றும்போது ரிலீஸ் பேரிங்கை மட்டும் பழையதாகவே விடுவது வீண் சிக்கனம். அது கெட்டால் மறுபடி கியர் பாக்ஸை இறக்க வேண்டும், மறுபடி முழு லேபர்!

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் முன்பே கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்திருக்கலாம். தேய்ந்த ஜாயின்ட் கழற்றி மாட்டியதும் சத்தம் போடத் தொடங்கலாம். ஆனால் பூட் கிழிந்திருந்ததைக் கழற்றியபோதே பார்த்திருப்பாரே? அப்போதே உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல், பிறகு "பழைய கம்ப்ளைன்ட்" என்பது சரியில்லை.

பொருளாதாரத்தில் இதற்குப் பெயர் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை என்னவாகும் என்று பழைய கார்களை உதாரணம் காட்டி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதினார். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதைதான். தினக்கூலிபோல் வண்டியை நம்பி இருக்கும் டாக்ஸி டிரைவருக்கு, ஊகத்தில் மாற்றும் ஒவ்வொரு பாகமும் ஒரு நாள் வருமானத்தையும் சேர்த்தே தின்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) சேவைக் குறைபாட்டுக்கு வழக்குப் போட இடம் தருகிறது. ஆனால் முன்பு சத்தம் இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? வண்டியை விடும்போது மெக்கானிக்கோடு ஒரு ரவுண்டு ஓட்டி, இருக்கும் சத்தங்களை ஜாப் கார்டில் எழுத வைக்கலாம். எடுக்கும்போதும் அதே ரவுண்டு, ஒருமுறை இடது பக்கம் முழுக்க ஒடித்து, ஒருமுறை வலது பக்கம். பில் அதற்குப் பிறகு கட்டினால் போதும்.