ஊசி போட்டால் இறங்கிவிடுமா?

பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பாட்டிதான் பல வீடுகளில் இதை முதலில் கவனிப்பார். ‘என்னடி, ஒரு பக்கம் பை காலியா இருக்கே!’ என்பார். அடுத்த மூச்சிலேயே, ‘வளர வளரத் தானா இறங்கிடும்’ என்று சமாதானமும் சொல்லிவிடுவார்.

அதில் பாதி உண்மை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு விதை பைக்குள் இறங்கியிருக்காது. பலருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். அதற்கப்புறம் காத்திருப்பதில் பலன் ரொம்பக் குறைவு.

‘ஆபரேஷன் இல்லாம ஊசியிலேயே சரி பண்ண முடியாதா டாக்டர்?’ பெற்றோர் கேட்பது நியாயம்தான். அப்படிப் போடப்படுவதுதான் ஹெச்.சி.ஜி. ஊசி. கர்ப்பிணிகள் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் அது. பையனுக்குப் போட்டால், விதையிலுள்ள லெய்டிக் செல்களைத் தட்டி எழுப்பும். அவை கொலஸ்ட்ராலிலிருந்து டெஸ்டோஸ்டீரானைத் தயாரிக்கும். வயசுக்கு வரும்போது ஓடவேண்டிய தொழிற்சாலையை, இரண்டு வயதில் முடுக்கிவிடுகிற மாதிரி! அதில் ஒரு பகுதி இன்னும் வீரியமான டி.ஹெச்.டி.யாக மாறும். மிச்சத்தைக் கல்லீரல் சிதைத்துச் சிறுநீரில் அனுப்பும். இதற்குள் ஆணுறுப்பு பெரிதாகலாம், அடிக்கடி விறைக்கலாம், முடி எட்டிப் பார்க்கலாம், பிள்ளை முரண்டு பிடிக்கலாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

சரி, விதை இறங்குகிறதா? சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான். இறங்கியதும் சிலருக்குத் திரும்ப ஏறிக்கொள்ளும். ‘எங்க வீட்டுப் பையனுக்குச் சரியாச்சே’ என்பவர்கள் உண்டு. குளிரிலும் பயத்திலும் மேலே ஓடி, வெந்நீரில் கீழே வந்துவிடுகிற விதையாக அது இருந்திருக்கலாம். அதற்கு ஊசியே வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டினால் போதும்.

அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2014-ல், விதையை இறக்க ஹார்மோன் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஆறு மாதமாகியும் இறங்கவில்லையா, நிபுணரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷனை முடியுங்கள் என்கிறது. என் கட்சியும் அதுதான். ஊசியை நம்பி நாளைக் கடத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்வீடனில் ஒரு பெரிய ஆய்வு, 2007-ல் வெளியானது. 13 வயதுக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதற்கப்புறம் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல்.

இன்னொன்று. பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவே இல்லையென்றால், ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.