கங்காணி மாண்டானா?

கங்காணி முறை ஒழிந்தது என்று பெருமை பேசுவார் நம்மில் பலர். 1938-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் மலாயாவுக்குக் கூலிகளை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடுத்தபின், ஆள் பிடிக்கும் தொழில் அற்றது மெய்யே. ஆயினும் கங்காணி மாண்டானில்லை. கோட்டையும் தலைப்பாகையையும் களைந்து, கம்பெனி ஒன்றைப் பதிந்துகொண்டு, கண்டிராக்டர் என்னும் திருநாமத்தோடு தோட்டக் காரியாலயத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கிறான். அன்று பெரட்டுக்கு வந்த ஆளுக்கு இத்தனை என்று தலைக்காசு வாங்கினான். இன்று டன் கணக்கில் பில் அனுப்புகிறான். 2012-இல் தொழிற் சட்டத்திலேயே அவனுக்குப் பெயரும் சூட்டி இடமும் தந்தார்கள்.

நாம் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணி, கண்டதையே கூறுகிறோம். செம்பனைக் குலை அறுக்கும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், மட்டை விழுந்து தோள் முறிந்து நமது மேசைக்கு முன் வந்து நின்றார். பெயரைப் பார் என்று மேலிடத்து உத்தரவு. செக்ரோலில் அவர் பெயர் இல்லை. இருந்ததெல்லாம் கண்டிராக்டரின் பில்லும், அதிலே குலைகளின் நிறையுந்தான். “இவர் நம் ஆள் அல்லர்” என்றோம். சொன்ன வாய் நமது வாயே, அதை மறைப்பதற்கில்லை.

அவ்வார்த்தை பொய் என்பதைப் பின்னரே அறிந்தோம். நேரே அமர்த்திய ஆளாயினும், இடையில் ஒருவன் மூலம் வந்த ஆளாயினும், மூல முதலாளியே சந்தா கட்டவேண்டும் என்கிறது 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம். 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் அதில் விபத்துக் காப்பு உண்டு. 1955-ஆம் ஆண்டின் தொழிற் சட்டமோ, கண்டிராக்டர் கூலி கொடாவிடில் மூன்று மாதக் கூலி வரை தோட்டத்தையே கேட்கலாம் என்கிறது. தாமதியாது கேட்கவேண்டும், அவ்வளவே. சட்டம் ஒதுக்காத ஆளை நமது பேனா ஒதுக்கிற்று!

சிக்கனம் என்பார் துரைமார். எவருக்குச் சிக்கனம்? கை வேண்டும், கைக்குரிய மனிதன் வேண்டாம் என்பதற்கு இப்படியும் ஒரு பெயரா?

“அந்நியன் வந்தான், நம் கூலி கெட்டது” என்று தேநீர்க்கடையில் முழங்கும் தோழர்களே! உங்கள் பாட்டனார் எந்தக் கங்காணியின் கடனைத் தலையில் சுமந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்? கூலியைக் கெடுத்தவர் தோள் முறிந்தவரா, அவர் உழைப்பில் பங்கு கொய்பவனா?

அவர் எங்கே என்று மறு வாரம் கண்டிராக்டரைக் கேட்டோம். “வேறு ஆள் அனுப்பிவிட்டேனே” என்றான்.